பட்டியல் எந்தப் பக்கம் நகர்கிறது? ஆண்ட்ராய்டு செயலியில் ஸ்க்ரோல் திசையைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

பட்டியலைப் படித்துக்கொண்டே கீழே போகும்போது மேலே இருக்கிற தேடல் பெட்டி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். திரும்பி மேலே வரும்போது அது மறுபடி வந்து நிற்க வேண்டும். கேட்டால் ரெண்டு வரி வேலை மாதிரி இருக்கும். கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் மாலை நேரத்தில் ஆண்ட்ராய்டு கற்க வருகிற பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். பெட்டியை மறைக்கும் வேலையை முதலில் முடித்துவிட்டு, திசையைக் கடைசியில் ஒரு நிபந்தனையாக ஒட்டவைக்கிறார்கள். திசையை நிதானமாகக் கணித்து முடித்த பிறகுதான் திரையில் கை வைக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில் போகிறது.

உதாரணத்துக்கு எங்கள் பக்கத்துப் பேருந்து நேரப் பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு, கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகச் சித்தூர், பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகக் கொல்லங்கோடு. ஒவ்வொரு வரிசையிலும் புறப்படும் நேரம், வழித்தடம் தமிழில், அதன் கீழே அதுவே மலையாளத்தில். எல்லையோரத்தில் ரெண்டு மொழிக்காரர்களும் ஒரே பேருந்துக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்பதால் ரெண்டும் வேண்டும். இதனால் வரிசைகளின் உயரம் ஒரே அளவாக இருக்காது. பின்னால் வரும் சில சிக்கல்களுக்கு வேர் அதுதான்.

1. தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்

ரீசைக்ளர்வியூவில் (நீண்ட பட்டியலைக் காட்ட ஆண்ட்ராய்டில் இருக்கும் கூறு) ஓடுகிற ஒரு பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்க வேண்டும். அதில் குறைந்தது ஐம்பது வரிசையாவது இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு வரிசை வைத்துச் சோதித்தால் ரெண்டு தள்ளலில் கடைசிக்கு வந்துவிடும், நடுவில் நடப்பது எதுவும் கண்ணில் படாது.

வரிசைகளின் நீளம் வேறுவேறாக இருக்கட்டும். சில வழித்தடப் பெயர்கள் ஒரு வரியில் அடங்கட்டும், சில மூன்று வரிக்கு மடங்கட்டும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் போலித் தரவை நிரப்பிச் சோதித்தால், தவறான முறையும் சரியாக ஓடுவதுபோல் தெரியும்.

கையில் ஒரு நிஜப் போன் வேண்டும், எமுலேட்டர் (கணினியில் ஓடும் போலிப் போன்) மட்டும் போதாது. மவுஸ் உருளையால் பட்டியலை உருட்டும்போது, விரலால் இழுக்கும்போது வருகிற நிலைமாற்றங்கள் வருவதில்லை. தவிர, விரலின் நடுக்கமும் மவுஸில் கிடையாது. நாம் சமாளிக்க வேண்டிய பெரிய தொல்லையே அந்த நடுக்கம்தான்.

செயலி எழுதும் குறிப்புகள் வந்து விழும் லாக்கேட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு படிகளில் திரையில் எதையும் மாற்றப்போவதில்லை, எண்களை மட்டும் பார்க்கப்போகிறோம்.

2. எந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் என்று முடிவு செய்யுங்கள்

விரல் மேலே போகிறது. பட்டியலும் அதோடு மேலே போகிறது. பார்ப்பவரோ பட்டியலின் கீழ்ப்பகுதிக்குப் போகிறார். ஒரே அசைவைச் சிலர் மேலே என்பார்கள், சிலர் கீழே என்பார்கள். ரெண்டு பேர் சேர்ந்து எழுதும் நிரலில் இதனால் மட்டுமே அரைநாள் போய்விடும்.

அதனால் நிரலில் மேல், கீழ் என்ற பெயர்களையே வைக்காதீர்கள். பட்டியலின் முடிவை நோக்கிப் போனால் ‘முன்னே’, தொடக்கத்தை நோக்கி வந்தால் ‘பின்னே’ என்று ரெண்டே மதிப்புள்ள ஒரு எனம் (enum, குறிப்பிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) போதும். மூன்றாவதாக ‘நிற்கிறது’ என்று ஒன்றைச் சேர்க்கத் தோன்றும். சேர்க்க வேண்டாம். பட்டியல் நிற்கும்போதும் கடைசியாக முடிவான திசைதான் செல்லுபடியாகும். இல்லாவிட்டால் விரலை எடுத்த ஒவ்வொரு முறையும் பெட்டியை என்ன செய்வது என்ற கேள்வி எழும்.

தொடக்க மதிப்பு ‘பின்னே’. திரை திறக்கும்போது தேடல் பெட்டி தெரிய வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

3. நகர்வது எது என்று பார்த்து அதில் லிஸனரைச் சேருங்கள்

ரீசைக்ளர்வியூவின் ஆட்ஆன்ஸ்க்ரோல்லிஸனர் செயற்கூறை அழைத்து, பட்டியல் நகரும்போது செய்தி பெறும் ஆன்ஸ்க்ரோல்லிஸனர் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பழைய எடுத்துக்காட்டுகளில் செட்ஆன்ஸ்க்ரோல்லிஸனர் என்று இருக்கும். ரீசைக்ளர்வியூவில் அது கைவிடப்பட்ட முறை. செட் வைத்தால் ஒரே ஒரு லிஸனருக்குத்தான் இடம். அடுத்த பக்கத் தரவை ஏற்றுவதற்கு வேறொருவர் அங்கே ஒன்றை வைத்தால் உங்களுடையது சத்தமில்லாமல் போய்விடும்.

உங்கள் திரை ஃப்ராக்மென்ட் (திரையின் ஒரு தனிப் பகுதி) என்றால் ஆன்வியூகிரியேட்டட் கட்டத்தில் சேர்த்து, ஆன்டிஸ்ட்ராய்வியூ கட்டத்தில் நீக்குங்கள். தரவை வரிசைகளாக மாற்றும் அடாப்டருக்குள், வரிசையைக் கட்டும் இடத்தில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே சேர்த்தால் ஒவ்வொரு வரிசை திரைக்குள் நுழையும்போதும் புதிதாக ஒரு லிஸனர் ஏறும். கொஞ்ச நேரத்தில் ஒரே அசைவுக்குப் பல லிஸனர்கள் பதில் சொல்லும், பட்டியல் திக்கித் திக்கி நகரும்.

லிஸனரைச் சேர்த்தும் லாக்கில் ஒன்றுமே வரவில்லையா? உங்கள் ரீசைக்ளர்வியூ ஒரு நெஸ்டட்ஸ்க்ரோல்வியூவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பட்டியல் தன் முழு உயரத்துக்கும் விரிந்து கிடக்கும், நகர்வது வெளியே இருக்கும் நெஸ்டட்ஸ்க்ரோல்வியூ. அந்த வெளிப்பெட்டியின் ஆன்ஸ்க்ரோல்சேஞ்ச்லிஸனரில் புதிய ஒய், பழைய ஒய் ரெண்டும் வரும், கழித்துக்கொள்ளலாம். ஆனால் என் யோசனை, அந்த வெளிப்பெட்டியையே எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை எல்லா வரிசைகளும் ஒரேயடியாகக் கட்டப்படும், வரிசைகளை மறுபடி பயன்படுத்தும் ரீசைக்ளர்வியூவின் பயனே இல்லாமல் போகும். தலைப்பகுதி வேண்டுமானால் அதையும் பட்டியலின் முதல் வரிசையாக வையுங்கள்.

இன்னொரு நிலைமை. தேடல் பெட்டி ஆப்பார்லேஅவுட்டுக்குள் (திரையின் தலைப்பட்டைக்கான தயார் அமைப்பு) இருந்து, அதுவே ஸ்க்ரோலோடு சேர்ந்து சுருங்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், விரலின் அசைவை முதலில் அது எடுத்துக்கொள்ளும். மீதி மட்டுமே பட்டியலுக்கு வரும். பெட்டி சுருங்கி முடியும்வரை உங்கள் லிஸனருக்கு நகர்வுச் செய்தி எதுவும் வராது. பெட்டியை மறைத்துக் காட்டுவது மட்டுமே உங்கள் தேவை என்றால், அந்த அமைப்பையே பயன்படுத்திக்கொண்டு இந்த வழிகாட்டியை இங்கேயே விட்டுவிடலாம். கீழ்ப்பகுதிப் பட்டைக்கும் மெட்டீரியல் நூலகத்தில் ஹைட்பாட்டம்வியூஆன்ஸ்க்ரோல்பிஹேவியர் என்று தயாராக ஒன்று உண்டு. திசையை வைத்து வேறு முடிவுகளும் எடுக்க வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

4. டிஒய் எண்ணைப் படியுங்கள்

அந்த லிஸனரின் ஆன்ஸ்க்ரோல்டு செயற்கூறில் டிஎக்ஸ், டிஒய் என்று ரெண்டு எண்கள் வரும். முந்தைய அழைப்புக்குப் பிறகு பட்டியல் எத்தனை பிக்சல் நகர்ந்தது என்பதுதான் அது. நெடுக்குப் பட்டியலுக்கு டிஒய் போதும். டிஒய் பூஜ்ஜியத்தைவிடப் பெரிது என்றால் முன்னே, சிறிது என்றால் பின்னே.

பூஜ்ஜியமும் வரும், இதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டியலின் தரவு மாறி, திரையில் தெரியும் வரிசைகள் மாறினால், யாரும் தொடாமலே ஆன்ஸ்க்ரோல்டு ஒருமுறை அழைக்கப்படும். அப்போது ரெண்டு எண்ணும் பூஜ்ஜியம். ‘பெரிதென்றால் முன்னே, இல்லாவிட்டால் பின்னே’ என்று எழுதினால் இந்தப் பூஜ்ஜியம் ‘பின்னே’யில் போய் விழும். பேருந்து நேரம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தேடல் பெட்டி தானாக எட்டிப்பார்க்கும். பூஜ்ஜியம் வந்தால் திசைக் கணக்கைத் தொடாமல் திரும்பிவிடுங்கள்.

டிஒய் இருக்கும்போது வேறு வழி தேடுபவர்களும் உண்டு. கம்ப்யூட்வெர்டிகல்ஸ்க்ரோல்ஆஃப்செட் தரும் எண்ணை முந்தைய எண்ணோடு ஒப்பிடுவது ஒன்று. வரிசைகளை அடுக்கும் லீனியர்லேஅவுட்மேனேஜர் அந்த எண்ணை, இப்போது திரையில் இருக்கும் வரிசைகளின் சராசரி உயரத்தை வைத்து மதிப்பிட்டுச் சொல்கிறது. மலையாள வரி மடங்கிய உயரமான வரிசைகள் திரையை விட்டுப் போய், சிறிய வரிசைகள் வந்ததும் சராசரி இறங்கும். முன்னே போய்க்கொண்டிருக்கும்போதே அந்த எண் குறைந்துகூடப் போகும். ஸ்க்ரோல் பட்டை வரைய அது போதும், திசைக்கு ஆகாது.

திரையில் தெரியும் முதல் வரிசையின் எண்ணை ஒப்பிடுவது இன்னொரு வழி. உயரமான ஒரு வரிசை முழுதாகத் தாண்டும்வரை அதில் மாற்றமே தெரியாது. பட்டியலின் தலையில் புதிதாக ஒரு பேருந்து சேர்ந்தாலோ, யாரும் நகர்த்தாமலே அந்த எண் ஒன்று கூடிவிடும். பழைய லிஸ்ட்வியூவில் டிஒய் கிடையாது, அங்கே இதைத் தவிர வழியில்லை. அப்போதும் முதல் வரிசையின் மேல்விளிம்பையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

5. நடுக்கத்தை வடிகட்டுங்கள்

இந்தப் படிதான் முழு வேலையின் உயிர். நிதானமாகச் செய்யுங்கள்.

கட்டைவிரலை வைத்து மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே லாக்கைப் பாருங்கள். டிஒய் இப்படி வரும்: 2, 5, 11, 17, 14, 9, -1, 6, 3. நடுவில் ஒரு -1. பார்ப்பவர் திரும்பி வரவில்லை, விரல்நுனி கண்ணாடியில் கொஞ்சம் உருண்டிருக்கிறது, அவ்வளவே. குறியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் அந்த ஒரு பிக்சலுக்காகப் பெட்டி எட்டிப்பார்த்துவிட்டு, அடுத்த நொடிக்குள் ஒளிந்துகொள்ளும். ஓடுகிற பேருந்தில் உட்கார்ந்து பார்த்தால் இது இன்னும் மோசம்.

டிஒய்யின் அளவு ஐந்துக்குக் குறைவென்றால் விட்டுவிடு என்று சிலர் எழுதுகிறார்கள். மெதுவாகத் தள்ளும்போது ஒவ்வொரு அழைப்பிலும் ரெண்டு, மூன்று பிக்சல்தான் வரும். அத்தனையும் கழிந்துபோய், பட்டியல் பாதி தூரம் நகர்ந்தும் திசை மாறாது. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு (திரை ஒருமுறை வரையப்படுவதற்கு) எட்டு மில்லிவினாடி சொச்சம்தான். 60 ஹெர்ட்ஸ் திரையில் வருவதில் பாதிதான் ஒவ்வொரு அழைப்பிலும் வரும். ஒரே விரல்வேகத்துக்கு ஒரு போனில் வேலை செய்யும், அடுத்த போனில் செய்யாது.

ஆகவே தனித்தனி எண்ணைப் பார்க்காதீர்கள், கூட்டுத்தொகையைப் பாருங்கள். எதிர்க்குறி வந்தவுடன் கூட்டுத்தொகையைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு முதலிலிருந்து எண்ணுவதுதான் அதிகம் புழங்குகிற முறை. அதிலும் ஒரு குறை உண்டு. நடுக்கம் அடிக்கடி வந்தால் ஒவ்வொரு -1க்கும் சேர்த்து வைத்ததெல்லாம் அழிந்துவிடும்.

நான் பரிந்துரைப்பது கூட்டுத்தொகையை ரெண்டு எல்லைக்குள் அடைத்து வைக்கும் முறை. கீழ் எல்லை பூஜ்ஜியம். மேல் எல்லை 40 டிபி (திரையின் அடர்த்தியைச் சாராத நீள அளவு). ஒவ்வொரு அழைப்பிலும் இதைச் செய்யுங்கள்:

கூட்டுத்தொகையோடு டிஒய்யைச் சேர்.
பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பூஜ்ஜியமாகவே வை.
மேல் எல்லையைத் தாண்டினால் மேல் எல்லையிலேயே நிறுத்து.
மேல் எல்லையைத் தொட்டிருந்தால் திசை ‘முன்னே’.
பூஜ்ஜியத்தைத் தொட்டிருந்தால் திசை ‘பின்னே’.
இடையில் இருந்தால் பழைய திசையே நீடிக்கும்.

அடைத்து வைக்கும் ரெண்டு வரியையும் காட்லின் மொழியில் கோயர்ஸ்இன் என்ற ஒரே செயற்கூறு செய்துவிடும்.

மேலே பார்த்த எண்களை வைத்தே ஓட்டிப் பாருங்கள். முதல் ஆறு எண்ணும் சேர்ந்தால் 58. அடுத்து வந்த -1இல் 57 ஆகிறது, திசை அசையவில்லை. பிறகு 63, 66 என்று ஏறிக்கொண்டே போய், 480 டிபிஐ (அங்குலத்துக்கு 480 புள்ளி) திரையில் 120 பிக்சலைத் தொட்டவுடன் ‘முன்னே’. இப்போது அவர் பத்துப் பிக்சல் பின்னால் வந்தாலும் கூட்டுத்தொகை 110தான், பெட்டி அசையாது. உண்மையாகவே திரும்பி வந்து 120 பிக்சலும் கரைந்தால்தான் ‘பின்னே’. நடுக்கம் எத்தனை முறை வந்தாலும் உண்மையான நகர்வு அழிவதில்லை, நடுக்கம் மட்டுமே ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது.

எல்லையைப் பிக்சலில் நேரடியாக எழுதாதீர்கள். டிஒய் வருவது பிக்சலில், நாம் எல்லை வைப்பது டிபியில். 160 டிபிஐ திரையில் ஒரு டிபிக்கு ஒரு பிக்சல், 480 டிபிஐ திரையில் மூன்று. திரையின் டென்சிட்டியால் 40ஐப் பெருக்கி ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அழைப்பிலும் பெருக்கத் தேவையில்லை.

ஏன் 40? ஆண்ட்ராய்டு ஒரு தொடுதலை இழுப்பு என்று ஏற்பதற்கு வைத்திருக்கும் வழக்கமான எல்லை 8 டிபி. அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால்தான் வேண்டுமென்றே செய்த நகர்வு என்று நம்பலாம். அதே சமயம் ஒரு வரிசையின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெட்டி மந்தமாக இருப்பதாகத் தோன்றும். உங்கள் வரிசை சிறியதென்றால் 24 வரை இறக்கிப் பாருங்கள்.

6. விரல் நகர்த்தியதா, நிரல் நகர்த்தியதா

பேருந்துப் பட்டியல் திறந்தவுடன் இந்த நேரத்துக்கு அடுத்த பேருந்துக்குப் போய் நிற்க வேண்டும். ஸ்மூத்ஸ்க்ரோல்டுபொசிஷன் வைத்து அதைச் செய்தால் டிஒய் நேர்க்குறியில் வந்துகொண்டே இருக்கும். யாரும் தொடும் முன்பே தேடல் பெட்டி மறைந்துவிடும். மாலை ஆறு மணிக்குச் செயலியைத் திறப்பவர் தேடல் வசதி இருக்கிறது என்றே அறியமாட்டார்.

இதற்கு லிஸனரின் இன்னொரு செயற்கூறு உதவும்: ஆன்ஸ்க்ரோல்ஸ்டேட்சேஞ்ச்டு. அதில் மூன்று நிலைகள் வரும். நிற்பது, விரல் இழுப்பது, விரல் விட்டபின் ஓடி அடங்குவது. விரலால் சுண்டிவிட்டால் இழுப்பு, அடங்கல், நிற்றல் என்ற வரிசையில் வரும். நிரல் நகர்த்தினால் இழுப்பு இல்லாமல் நேராக அடங்கல்.

‘விரல்பட்டது’ என்று ஒரு பூலியன் வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பு நிலை வந்தால் உண்மை, நிற்கும் நிலை வந்தால் பொய். அடங்கும் நிலையில் தொடவே வேண்டாம். அதைத் தொடாமல் விடுவதால்தான் சுண்டிவிட்ட ஓட்டமும் விரலின் கணக்கில் சேர்கிறது. ஆன்ஸ்க்ரோல்டில் இது உண்மையாக இருந்தால் மட்டும் கூட்டுத்தொகையில் சேருங்கள்.

நிரல் நகர்த்தும் நடுவில் பயனர் விரல் வைத்துவிட்டால் இழுப்பு நிலை வந்துவிடும், அங்கிருந்து கணக்கு தானாகச் சரியாகும். திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைப் பயன்படுத்தும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இதனால் ஒரு நன்மை உண்டு. அவர்கள் கொடுக்கும் ஸ்க்ரோல் கட்டளையில் இழுப்பு நிலை வருவதில்லை. ஆகவே தேடல் பெட்டி அவர்களுக்கு மறையாமல் நிற்கும். அது இருக்க வேண்டியதும் அப்படித்தான்.

7. ஓரங்களைத் தனியாகக் கவனியுங்கள்

பட்டியலின் தலைக்கு வந்துவிட்டால் எது எப்படி இருந்தாலும் பெட்டி தெரிய வேண்டும். கேன்ஸ்க்ரோல்வெர்டிகலி செயற்கூறுக்கு -1 கொடுத்தால், தொடக்கத்தை நோக்கி இன்னும் இடமிருக்கிறதா என்று சொல்லும். இல்லை என்றால் கூட்டுத்தொகை பூஜ்ஜியம், திசை ‘பின்னே’. இந்தச் சோதனையை ஆன்ஸ்க்ரோல்டின் முதல் வரியாக, பூஜ்ஜியச் சோதனைக்கும் விரல்பட்டதா என்ற சோதனைக்கும் முன்பே வையுங்கள். ‘மேலே போ’ பொத்தானை அழுத்தித் தலைக்கு வந்தவருக்கு விரல்பட்டது பொய்யாக இருக்கும். பின்னால் வைத்தால் அவருக்குப் பெட்டி வராது.

கடைசி வரிசைக்கும் இதையே செய்யுங்கள், அங்கே +1 கொடுக்க வேண்டும். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு. கடைசிவரை பார்த்தும் தன் பேருந்து கிடைக்காதவர் அடுத்துச் செய்யப்போவது தேடல்தான் என்பதால் நான் பெட்டியைக் காட்டவே சொல்வேன்.

இனி, அதிகம் பேர் கோட்டைவிடும் இடம். பெட்டி மறைந்திருக்கும்போது ‘வேலந்தாவளம் வழி மட்டும்’ என்று வடிகட்டினால் பட்டியல் நான்கு வரிசையாகச் சுருங்கிவிடும். நான்கு வரிசையில் நகர இடமில்லை. நகராவிட்டால் பூஜ்ஜியத்தைத் தவிர வேறு டிஒய் வராது, மேலே சொன்ன தலைச் சோதனையை முதல் வரியாக வைக்காதவருக்குப் பெட்டி திரும்பி வர வழியே இல்லை. செயலியை மூடித் திறந்தால்தான் உண்டு. எனவே புதிய பட்டியலைச் சப்மிட்லிஸ்ட் வழியாகக் கொடுக்கும்போது, அது முடிந்ததும் ஓடும் கால்பேக்கில் கூட்டுத்தொகையைப் பூஜ்ஜியமாக்கிப் பெட்டியைக் காட்டிவிடுங்கள். அங்கே கேன்ஸ்க்ரோல்வெர்டிகலி வைத்துச் சோதிக்க வேண்டாம். புதிய வரிசைகள் திரையில் அடுக்கப்படும் முன்பே அந்தக் கால்பேக் ஓடக்கூடும், விடை பழைய நிலையைச் சொல்லும்.

8. இப்போது பெட்டியில் கை வையுங்கள்

“அண்ணா, உள்ள போகுது, வருது, உள்ள போகுது, வருதுங்கண்ணா” என்று போனை நீட்டினாள் மீனாட்சிபுரத்திலிருந்து வருகிற ஒரு தங்கச்சி. விரல் திரையில் அசையாமல் இருந்தது, பெட்டி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. இது கோளாறான கணக்கால் வருவதில்லை, மறைக்கும் முறையால் வருவது.

பெட்டியும் பட்டியலும் ஒரு நெடுக்கு லீனியர்லேஅவுட்டில் மேலும் கீழுமாக இருக்கின்றன என்று வையுங்கள். பெட்டியை ‘கான்’ (GONE) நிலைக்கு மாற்றினால், அது விட்ட இடத்தைப் பட்டியல் நிரப்பிக்கொள்ளும். பட்டியலின் உயரம் கூடி, வரிசைகள் விரலுக்கு அடியிலேயே மேலே குதிக்கும். விரல் நின்ற இடத்திலேயே நிற்க, பட்டியலின் தொடக்கம் இடம் மாறியதால் அடுத்த தொடு நிகழ்வு விரல் பின்னால் வந்ததுபோல் கணக்காகும். திசை ‘பின்னே’ என்று மாறும், பெட்டி வரும், பட்டியல் சுருங்கும், கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். மறைப்பதே திசையை மாற்றி, திசையே மறைப்பதை மாற்றிக்கொண்டு சுற்றுகிறது. 40 டிபி எல்லைகூட இதை நிறுத்தாது. பெட்டியின் உயரம் அதைவிட அதிகம் அல்லவா.

வழி ஒன்றுதான்: பெட்டி அசைவதால் பட்டியலின் அளவு மாறக் கூடாது. ஒரு ஃப்ரேம்லேஅவுட்டுக்குள் பட்டியலை முழு உயரத்துக்கும் விரித்து, அதன் மேலே பெட்டியைப் படிய வையுங்கள். முதல் வரிசை பெட்டிக்கு அடியில் ஒளியாமலிருக்கப் பட்டியலின் மேல்பக்கம் பெட்டியின் உயர அளவுக்குப் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்து, கிளிப்டுபேடிங் என்பதைப் பொய்யாக்குங்கள். அதைப் பொய்யாக்கினால்தான் நகரும்போது வரிசைகள் அந்தப் பேடிங் இடத்திலும் தெரியும். இல்லாவிட்டால் பெட்டி போன பிறகு அங்கே வெற்றுப்பட்டை நிற்கும். கீழே பொத்தான் ஏதாவது மிதந்தால் அதன் உயர அளவுக்குக் கீழ்ப்பக்கமும் பேடிங் கொடுங்கள்.

மறைப்பதற்குப் பெட்டியின் டிரான்ஸ்லேஷன்ஒய் மதிப்பைத் தன் உயரத்தின் எதிர்க்குறிக்குக் கொண்டுபோங்கள். காட்டுவதற்குப் பூஜ்ஜியம். அனிமேஷன் 150 முதல் 200 மில்லிவினாடிக்குள் முடியட்டும். இது வரையும் இடத்தை மட்டும் மாற்றுகிறது, யாருடைய அளவையும் தொடுவதில்லை.

கவனிக்க வேண்டியவை இன்னும் ரெண்டு. திரை அடுக்கப்படும் முன் பெட்டியின் உயரத்தைக் கேட்டால் பூஜ்ஜியம் வரும். பேடிங் அளவை டூஆன்லேஅவுட்டுக்குள் எடுங்கள். அடுத்து, திசை மாறும்போது மட்டும் அனிமேஷனைத் தொடங்குங்கள். ஒவ்வொரு ஆன்ஸ்க்ரோல்டிலும் தொடங்கினால் முந்தையது ஒவ்வொரு ஃப்ரேமிலும் ரத்தாகி, பெட்டி ஊர்ந்து ஊர்ந்து போகும். புதிய திசையும் பழைய திசையும் ஒன்றென்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பும் ஒரு வரி போதும்.

9. கையில் எடுத்துச் சோதியுங்கள்

மிக மெதுவாக, ஒரே இழுப்பில் திரை முழுக்கத் தள்ளுங்கள், பெட்டி ஒரே ஒருமுறை மறைய வேண்டும். விரலை அழுத்தி வைத்துக்கொண்டு அசையாமல் இருங்கள், எதுவும் துடிக்கக் கூடாது. வேகமாகச் சுண்டிவிட்டு, ஓடும்போதே விரல் வைத்து நிறுத்துங்கள். போன் அமைப்பில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். மலையாள வரிகள் மடங்கும், பெட்டியின் உயரமும் மாறலாம், பேடிங் அதற்கேற்ப வர வேண்டும். போனைக் குறுக்கே திருப்பினால் பெட்டி தெரிகிற நிலையில் தொடங்கட்டும். முன்பிருந்த திசையைச் சேமித்து மீட்பது தேவையில்லாத வேலை.

வடிகட்டி, பட்டியல் சுருங்கிய பிறகு பெட்டி இருக்கிறதா என்பதை மட்டும் தவறாமல் பாருங்கள்.

10. கம்போஸ், ஃப்ளட்டர், ஐபோன், ரியாக்ட் நேட்டிவ்

செயலி எழுத உதவும் வேறு கருவிகளிலும் ஐபோனிலும் கணக்கு இதுவேதான். எண் எங்கிருந்து வருகிறது, எந்தக் குறியில் வருகிறது என்பது மட்டும் மாறும்.

ஜெட்பேக் கம்போஸில் நெஸ்டட்ஸ்க்ரோல்கனெக்ஷன் வைத்து ஆன்ப்ரீஸ்க்ரோலில் வரும் ஒய் மதிப்பை எடுத்தால், அது ரீசைக்ளர்வியூவின் டிஒய்க்கு நேர் எதிர்க்குறி. விரல் மேலே போனால் எதிர்மதிப்பு. ரீசைக்ளர்வியூவிலிருந்து கணக்கை அப்படியே நகலெடுப்பவர்களுக்குப் பெட்டி தலைகீழாக வேலை செய்வது இதனால்தான். லேஸிலிஸ்ட்ஸ்டேட்டின் முதல் வரிசை எண்ணையும் ஆஃப்செட்டையும் ஒப்பிடுவதானால், கம்போசபிள் (திரையை வரையும் செயற்கூறு) உடம்புக்குள் நேரடியாகப் படிக்காதீர்கள், ஒவ்வொரு பிக்சலுக்கும் மறுபடி வரையப்படும். ஸ்னாப்ஷாட்ஃப்ளோவில் படியுங்கள்.

ஃப்ளட்டரில் ஸ்க்ரோல் பொசிஷனின் யூசர்ஸ்க்ரோல்டைரக்ஷன் நேராகவே திசை சொல்லும். சாதாரண நெடுக்குப் பட்டியலில் அங்கே ‘ரிவர்ஸ்’ என்றால் நம் ‘முன்னே’, ‘ஃபார்வர்டு’ என்றால் நம் ‘பின்னே’. நோட்டிஃபிகேஷன்லிஸனர் வைத்தால், உள்ளே இருக்கும் குறுக்குப் பட்டியல்களின் செய்தியும் மேலே ஏறி வரும். டெப்த் பூஜ்ஜியமாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐபோனில் ஸ்க்ரோல்வியூடிட்ஸ்க்ரோல் அழைக்கப்படும்போது கன்டென்ட்ஆஃப்செட்டின் ஒய்யை முந்தையதோடு கழிக்க வேண்டும். அங்கே பட்டியல் ஓரத்தைத் தாண்டிப் போய்த் துள்ளித் திரும்பும். அந்தத் துள்ளலில் கழித்தல் எண் எதிர்த்திசையைக் காட்டும். ஆஃப்செட்டைத் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே அடைத்துவிட்டு, அதன் பிறகு கழியுங்கள். ரியாக்ட் நேட்டிவில் ஆன்ஸ்க்ரோலில் வரும் எண்ணும் ஐபோனில் இதே துள்ளலோடுதான் வருகிறது. அங்கே ஸ்க்ரோல்ஈவென்ட்த்ராட்டில் மதிப்பை 16க்கு வைத்து, ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் தனித்தனியாக லாக்கில் குறியைப் பார்த்த பிறகே நிபந்தனையை எழுதுங்கள்.